பாதத்திற் பிறக்கும் குத்து



குத்துச்சண்டை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது இறுக மூடிய கையேயாகும். கையின் வலிமையே அக்கலையின் முதலும் முடிவும் என்று எண்ணுவோர் பலர். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன். அதற்கு அவன் கொடுத்த விலை சிறிதன்று. ஆதலின், தொங்கும் குத்துப்பையிற் பயிலும்போது காலை எவ்வாறு வைத்தல் வேண்டும், கையை எவ்வாறு செலுத்துதல் வேண்டும் என்பவற்றை இன்று விளக்க முற்படுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் உதவியாசிரியனாகக் கடமையாற்றிய ஒரு பாடசாலையின் பின்புறக் கொட்டகையில், வளையிலே ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதனுள் இருந்தது மணல். மாலை வேளைகளில் மாணவர் அதனைக் குத்திப் பழகுவர். விளையாட்டுக்குப் பொறுப்பாசிரியன் என்ற பெயர் எனக்கு இருந்தது. கலைப்பட்டதாரியாகிய எனக்குக் குத்துச்சண்டையைப்பற்றிய அறிவுதான் இருக்கவில்லை. மாணவருள் ஒருவன் குத்தும் ஓசை மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும். "சபாஷ்! இன்னும் பலமாகக் குத்து!" என்று நான் உற்சாகமூட்டுவேன். அவன் கையிலே துணிக்கட்டும் இல்லை, கையுறையும் இல்லை. ஒருநாள் மாலை, சுண்டுவிரலின் அடியிலுள்ள எலும்பு முறிந்தது. முறிந்தது வலக்கை. பொதுப் பரீட்சைக்கு மூன்று வாரமே இருந்தது. அவ்வாண்டு அவன் பரீட்சை எழுதவில்லை. வைத்தியசாலையில் அவனுடைய தாயார் என்மீது கோபங்கொள்ளவில்லை. "மாஸ்டர், நீங்கள் பக்கத்திலேதானே நின்றீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பின்னரே நூல்களைத் தேடிப் படித்தேன். இக்கலையிற் பழுத்த முதிய பயிற்றுநர் ஒருவரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் கையைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பையன் காலை எங்கே வைத்திருந்தான்?" என்றே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் அவன் காலை ஒருநாளேனும் பார்த்ததில்லை.

நேயர்களே, காலிலிருந்தே தொடங்குவோம். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்னும் வலக்காலைப் பின்னுமாக, ஏறக்குறையத் தோளகலம் இடைவிட்டு நிற்றல் வேண்டும். இரு பாதங்களும் ஒரே நேர்கோட்டில் அமைதலாகாது. அமைந்தால் உடல் பக்கவாட்டிற் சாயும். பின்காலின் குதி நிலத்தைவிட்டுச் சற்றே எழுந்திருக்க வேண்டும். முழங்கால்கள் சிறிது தளர்ந்து மடிந்திருத்தல் வேண்டும். நாடி தாழ்ந்தும், இரு கைகளும் கன்னத்தருகே உயர்ந்தும் நிற்க வேண்டும்.

இனி நகரும் முறை. எத்திசையில் நகர விரும்புகின்றோமோ, அத்திசைக்கு அண்மையிலுள்ள கால் முதலில் நகரும். மற்றக் கால் அதே அளவு பின்தொடரும். முன்னே செல்ல முன்கால் முதல். பின்னே வரப் பின்கால் முதல். இடப்புறம் செல்ல இடக்கால் முதல். வலப்புறம் செல்ல வலக்கால் முதல். கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடலாகாது. ஒன்றோடொன்று ஒட்டவும் ஆகாது. நமது சிலம்பக் கலையிலும் காலடி வரிசைக்கு உள்ள முதன்மையை நீங்கள் அறிவீர்கள். கோல் சுழல்வதற்கும் கை பாய்வதற்கும் அடித்தளம் ஒன்றே.

உலக்கை பிடித்து நெற்குற்றும் பெண்ணை அவதானித்திருப்பீர்கள். அவள் கையால் மட்டும் இடிப்பதில்லை. காலை ஊன்றி, உடல் முழுவதையும் உலக்கையோடு இறக்குகின்றாள். குத்தும் அத்தகையதே. வலக்கையால் நேராகக் குத்தும்போது, பின்பாதம் முன்விரல்களில் ஊன்றித் திரும்புகின்றது; குதி வெளிப்புறமாகச் சுழல்கின்றது; அச்சுழற்சி இடுப்புக்கு ஏறித் தோளை முன்தள்ளுகின்றது; தோள் கையைச் செலுத்துகின்றது. அதாவது, நிலத்திற் பிறந்த விசை கைமுட்டியில் வந்து முடிகின்றது. கால் திரும்பாதவன் தோளின் பலத்தால் மட்டுமே குத்துகின்றான். விரைவிற் களைத்தும் போகின்றான்.

எங்கள் மாணவனுக்கு நேர்ந்ததும் இப்போது விளங்கும். அவன் கால்களை நட்டுவைத்துப் பைக்கு எட்ட நின்றான். எட்டாத தூரத்தை எட்டுவதற்காகக் கையை அகல வீசினான். அவ்வாறு வீசும் கை, சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உறுதியான கணுக்களாற் படாது, சுண்டுவிரற் பக்கத்தின் மெல்லிய எலும்பாற் படுகின்றது. மேலும், சாக்கினுள் இட்ட மணல் நாளடைவிற் கீழிறங்கிக் கல்லைப்போல இறுகிவிடும். பைக்குப் பழந்துணி நிரப்புதலே நன்று. நீண்ட துணிப்பட்டியால் மணிக்கட்டையும் கணுக்களையும் சுற்றிக் கட்டி, அதன்மேற் கையுறை அணியாது எவரும் பையைத் தொடலாகாது. பெருவிரல் மற்றை விரல்களுக்கு வெளியே மடிந்திருக்க வேண்டும். மணிக்கட்டு வளையாது முன்னங்கையோடு நேராக நிற்க வேண்டும்.

தூரத்தை அளக்க ஒரு வழி உண்டு. இடக்கையை நேராக நீட்டினால், சிறிதடி முன்வைத்தே பையைத் தொட முடியும் என்னும் அளவில் நில்லுங்கள். அடி முன்வைக்கும்போதே இடக்கையின் நேர்க்குத்துச் செல்லட்டும். அவ்விடக்கை கன்னத்துக்குத் திரும்பும்போது வலக்கை செல்லட்டும். சென்ற வழியே ஒவ்வொரு கையும் விரைந்து மீளல் வேண்டும். பையைத் தள்ளலாகாது. தள்ளினால் அது ஊஞ்சல்போல் ஆடும். செவ்வையாகக் குத்தினால் அது குத்திய இடத்தில் அதிரும். ஆடும் பையைத் துரத்தாது, அதனைச் சுற்றி அடிவைத்து நகர்ந்து, அது திரும்பி வரும்போது பக்கம் விலகப் பழகுக.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். பை திருப்பிக் குத்துவதில்லை. ஆதலின் அதன்முன் கையைத் தாழ்த்தி நிற்பவனுக்கும், குத்தியபின் நின்ற இடத்திலேயே ஓசையை இரசித்து நிற்பவனுக்கும் உடனே தண்டனை கிடைப்பதில்லை. தண்டனை அரங்கிலே கிடைக்கும். பையை எதிராளியாகவே பாவித்து, இரண்டு அல்லது மூன்று குத்துக்கு ஒருமுறை இடம் மாறுதல் வேண்டும். 1867 ஆம் ஆண்டு வெளிவந்த குவீன்ஸ்பெரி விதிகள் மூன்று நிமிடச் சுற்றையும் ஒரு நிமிட ஆறுதலையும் வகுத்தன. பயிற்சிக்கும் அதுவே நல்ல அளவு. புதியவருக்கு இரண்டு நிமிடமே போதும். களைப்பிற் கால் குழம்பத் தொடங்கினால், அத்துடன் நிறுத்திவிடுதல் நன்று.

எளிய பையும் பெருவீரனை ஆக்கும் என்பதற்கு அமெரிக்கரான ஜோ பிறேசியர் சான்று. தென் கரோலினாவில் வறிய குடும்பத்திற் பிறந்த அவர், சிறுவனாயிருந்தபோது ஒரு சாக்கிலே பழந்துணியும் சோளச் சக்கையும் பாசியும் நடுவே ஒரு செங்கல்லும் இட்டு, மரத்திலே தொங்கவிட்டுக் குத்திப் பழகினார். பின்னர் பிலடெல்பியா நகரில், யான்சி டூராம் என்னும் பயிற்றுநரிடம் ஒழுங்குபெற்று, 1964 ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் அதிபார எடைப் பிரிவிலே தங்கப்பதக்கம் வென்றார். 1971 மார்ச் 8 ஆம் நாள் நியூயோர்க்கில், முகம்மது அலியைப் பதினைந்தாம் சுற்றிலே ஒரே இடக்கைக் கொக்கிக் குத்தால் வீழ்த்தினார், போட்டியையும் வென்றார். தாழ்ந்து மடிந்த முழங்கால்கள் நிமிர்ந்தெழும் விசை அக்குத்திலே இருந்தது. பதினான்கு சுற்றுக் களைப்புக்குப் பின்னும் அவருடைய கால்கள் தம் கடமையை மறக்கவில்லை.

நமது நாட்டிலும் இக்கலைக்கு மரபு உண்டு. 1938 ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியிலே பார்னி ஹென்றிகஸ் இறகு எடைப் பிரிவில் தங்கப்பதக்கம் பெற்றார். 2012 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் முதல் பெண்களும் அவ்வரங்கிலே போட்டியிடுகின்றனர். ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், பயில விரும்பினாற் தடுக்க வேண்டியதில்லை. அருகே நின்று பார்த்தல் வேண்டும்.

எங்கள் மாணவன் மறு ஆண்டு பரீட்சை எழுதிச் சித்தியடைந்தான். கை தேறியபின் கொட்டகைக்கும் வந்தான். நான் தரையிலே வெண்கட்டியால் இரண்டு பாதங்களை வரைந்து வைத்திருந்தேன். முதல் இரு வாரமும் அவன் பையைத் தொடவில்லை; அக்கோடுகளின்மீது அடிவைத்து நகர மட்டுமே பழகினான். ஓசை ஒன்றும் எழவில்லை. நான் அவன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.