கடலுக்குள் போகும் கெமரா: காசு கொடுக்கும் முன் உம்மாமார் கேட்க வேண்டியவை



ஹற்றன், நாவலப்பிட்டி, நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் மாலைத்தீவு ஹோட்டல்களிலும் ஹிக்கடுவை, திருகோணமலைக் கரையோரங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். தேயிலை மலையையும் மூடுபனியையும் பார்த்து வளர்ந்த பிள்ளை கடலைக் கண்டதும் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுவதில் வியப்பில்லை. அவன் சுழியோடக் கற்றுக்கொள்கிறான். சில மாதங்களில் வீட்டுக்குத் தொலைபேசி வருகிறது. "உம்மா, கடலுக்கடியில படம் எடுக்க ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கெமரா வேணும். அதால நல்லா உழைக்கலாம். ரெண்டு காப்பை அடகு வச்சாவது அனுப்புங்க!"

வட்டிக்கு அடகு வைப்பதன் சட்டம் நம் சகோதரிகளுக்குத் தெரிந்ததே. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் காப்பை விற்றே கொடுப்பதாக இருந்தாலும், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டுமல்லவா? பிள்ளையிடம் "என்ன கெமரா?" என்று கேட்பது முதற் கேள்வியல்ல. "அந்தக் கெமராவுக்குக் கூடு கிடைக்குமா? கூட்டின் விலை என்ன?" என்பதே முதற் கேள்வி.

கூட்டைப் பார்த்துக் கெமராவைத் தேடுங்கள்

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கெமரா எதுவும் தனியாக நீருக்குள் போகாது. 1992இல் நிக்கோன் நிறுவனம் 'நிக்கோனோஸ் ஆர்.எஸ்.' என்றொரு எஸ்.எல்.ஆர். கெமராவைக் கொண்டு வந்தது. அது கூடு இல்லாமலே கடலுக்குள் இறங்கும். ஆனால் அது பிலிம் கெமரா. நிக்கோனோஸ் வரிசையே 2001இல் நின்றுவிட்டது. டிஜிட்டலில் அத்தகைய எஸ்.எல்.ஆர். வரவில்லை. ஆகவே சாதாரணக் கெமராவை நீர் புகாத ஒரு கூட்டுக்குள் வைத்தே கொண்டு போகிறார்கள். இதைத்தான் 'ஹவுசிங்' என்கிறார்கள். ஐக்கிலைட் போன்றவை கெட்டிப் பிளாஸ்டிக்கிலும், நோட்டிக்கேம் போன்றவை அலுமினியத்திலும் செய்கின்றன.

கெமராவின் ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராகக் கூட்டிலும் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அதனால் ஒரு மொடலுக்குச் செய்த கூடு இன்னொரு மொடலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கூட்டின் விலை பல வேளைகளில் கெமராவின் விலைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். அதன் முன்பக்கக் கண்ணாடி, ப்ளாஷ் விளக்குகள், அவற்றைத் தாங்கும் கைகள் எல்லாம் வேறு கணக்கு. "கெமரா இவ்வளவுதான் உம்மா" என்று பிள்ளை சொல்லும் தொகை பெரும்பாலும் மொத்தச் செலவின் பாதியைக்கூடத் தொடாது. மீதிக்கு அடுத்த காப்பும் போகும்!

நீரில் 10 மீற்றர் இறங்கினால் தரையில் நம்மேல் உள்ள காற்றழுத்தத்தின் அளவுக்கு இன்னொரு பங்கு அழுத்தம் கூடுகிறது. 30 மீற்றரில் அது நான்கு பங்கு. அத்தனை அழுத்தத்திலும் நீரைத் தடுத்து நிற்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம். பிரஷர் குக்கரின் வளையத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டினால் ஆவி கசிகிறதல்லவா? அதே கதைதான் இதுவும். வளையத்தில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் இருந்தால் போதும். உப்பு நீர் உள்ளே போய்விடும். உப்பு நீர் குடித்த கெமராவை அநேகமாகத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆதலால் கூட்டைக் கெமரா இல்லாமல் வெறுமையாக ஒரு முறை நீருக்குள் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வளையத்தைத் துடைத்து, சிலிக்கன் கிரீஸ் மெல்லிசாகத் தடவ வேண்டும். கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் ஊற வைத்துக் கழுவ வேண்டும். உடுப்பை மடித்து வைக்கச் சோம்பும் பிள்ளையா இதையெல்லாம் செய்யப் போகிறான் என்பது உம்மாவுக்குத் தெரியும்.

நீர் விழுங்கும் நிறங்கள்

கடலடியில் எடுத்த படம் நீலமும் சாம்பலுமாக வந்துவிட்டால் கெமரா மட்டமானது என்று நினைப்பார்கள். குற்றம் கெமராவில் இல்லை. சூரிய ஒளி நீருக்குள் இறங்க இறங்க நிறங்கள் ஒவ்வொன்றாக அதில் கரைந்து போகின்றன. முதலில் போவது சிவப்பு. சில மீற்றர்களுக்குள்ளேயே அது மங்கிவிடும். ஆழத்தில் விரல் வெட்டுப்பட்டால் இரத்தம் சிவப்பாகத் தெரியாது, பச்சை கலந்த கருமையாகவே தெரியும். சூரத்துந் நூரின் 40ஆம் வசனம், அலைக்கு மேல் அலையும் அதற்கு மேல் மேகமும் மூடிய ஆழ்கடலின் அடுக்கடுக்கான இருள்களை நிராகரிப்போரின் செயல்களுக்கு உவமையாக எடுத்துரைக்கிறது. விஞ்ஞானத்தைக் கொண்டு குர்ஆனை மெய்ப்பிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் இறங்கிப் பார்த்து வந்த பிள்ளைக்கு அந்த உவமை இன்னும் ஆழமாக உறைக்கும்.

கரைந்த நிறங்களைத் திரும்பக் கொண்டுவருவது ப்ளாஷ் விளக்கு. அதைக் கெமராவின் தலைமேல் வைக்கக் கூடாது. பனி மூடிய நானுஓயாப் பாதையில் வாகனத்தின் முன்விளக்கை முழுதாகப் போட்டால் பாதை தெரிகிறதா? வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. நீரில் மிதக்கும் தூசியும் அதேபோல ஒளியைத் திருப்பியடித்துப் படம் முழுக்கப் பனி விழுந்தாற்போல் ஆக்கிவிடும். அதனால்தான் விளக்குகளை நீண்ட கைகளில் இரு பக்கமும் தள்ளி வைக்கிறார்கள். எடுக்கும் பொருளுக்கு ஒரு மீற்றருக்குள் நெருங்கி எடுக்கிறார்கள். கெமராவில் மிச்சம் பிடித்து ஒரு நல்ல ப்ளாஷ் வாங்குபவனே புத்திசாலி.

தட்டையான கண்ணாடி வழியே நீருக்குள் பார்த்தால் பொருட்கள் கால் பங்கு கிட்டவும், மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தோன்றும். ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதே காரணம். ஒளியின் இந்த வளைவுக்குரிய விதியைச் சுமார் 984ஆம் ஆண்டில் பக்தாதில் கணித்து எழுதியவர் இப்னு ஸஹ்ல். அடுத்த தலைமுறையில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் 'கிதாபுல் மனாழிர்' எழுதினார். கமாலுத்தீன் அல் ஃபாரிஸி நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை வைத்து வானவில்லை விளக்கினார். (இதைச் சொல்லும்போது சிலர் 'கெமரா' என்ற சொல்லே அரபுச் சொல் என்பார்கள். அப்படியல்ல, அது அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல். இல்லாத பெருமை நமக்கு வேண்டாம், இருப்பதே போதும்.)

இந்த வளைவைச் சரிக்கட்டத்தான் அகன்ற கோண லென்ஸுக்குக் கூட்டின் முன்னால் குவிந்த கண்ணாடி போடுகிறார்கள். அது 'டோம் போர்ட்'. சின்ன உயிரினங்களை எடுக்கும் மெக்ரோ லென்ஸுக்குத் தட்டைக் கண்ணாடி போதும். பெரிதாகத் தெரிவது அங்கே இலாபம்தான். நீருக்குள் லென்ஸ் மாற்ற முடியாது என்பதால், ஆமையும் முருகைப்பாறையுமா, விரலளவு இறாலும் நத்தையுமா என்று முதலிலேயே முடிவு செய்து, ஒரு லென்ஸும் அதற்குரிய கண்ணாடியும் வாங்கினால் போதும்.

எந்தக் கெமரா?

2020க்குப் பிறகு கெனனும் நிக்கோனும் புதிய எஸ்.எல்.ஆர். வெளியிடவில்லை, இரண்டும் கண்ணாடியில்லாத 'மிரர்லெஸ்' வகைக்குப் போய்விட்டன. இதனால் நமக்கு ஒரு நன்மை உண்டு. கெனன் 7டி மார்க் 2, 80டி, நிக்கோன் டி7200, டி500 போன்றவை பாவித்த நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. கடலடிக்கு இவற்றின் தரம் தாராளம். பெரிய சென்ஸர் கெமராவுக்குப் பெரிய லென்ஸ், பெரிய கண்ணாடி, பெரிய கூடு என்று செலவு வளரும். தொடங்குபவனுக்கு அது தேவையில்லை. பாவித்த கெமராவைக் கூட்டோடு சேர்த்தே விற்பவரிடம் வாங்குவது நல்லது. கெமராவை இன்று வாங்கிவிட்டுக் கூட்டைப் பிறகு தேடினால், அந்தக் கூடு செய்வதே நின்றிருக்கலாம்.

எஸ்.எல்.ஆருக்கு ஒரு குறையும் உண்டு. முகமூடி அணிந்த கண்ணை அதன் பார்வைத்துளையில் ஒட்டி வைக்க முடியாது. மிரர்லெஸ்ஸில் எடுத்த படத்தின் நிறம் அந்தத் துளையிலேயே உடனே தெரியும். புதிதாகவே வாங்க வசதியுள்ளவர் மிரர்லெஸ் பக்கம் போவதே மேல் என்பது என் கருத்து.

ஹிஜ்ரி 1113

கெமராவுக்கு முன் சுழியோடும் கலை வேண்டும் என்பதற்கு நம் நாட்டுக் கடலே சாட்சி. 1961 மார்ச்சில், தென்கிழக்குக் கடலிலுள்ள கிரேட் பாசஸ் வெளிச்சவீட்டுப் பாறைகளருகே மைக் வில்சன் என்பவர் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு கடலடிப் படம் பிடிக்கப் போனார். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி அவர். அங்கே பழைய கப்பலொன்றின் பீரங்கியும், கட்டியாக இறுகிப்போன வெள்ளிக் காசுகளும் கண்ணில் பட்டன. பாரசீக எழுத்துப் பொறித்த ஔரங்கசீப் ஆலம்கீர் காலத்து ரூபாய்கள். சூரத் நகரில் அடித்தவை. ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701-1702. கிளார்க் 1964இல் இதை நூலாக எழுதினார். அந்தக் கடல் அலையும் நீரோட்டமும் மிகுந்தது. அங்கே இறங்கிப் படமெடுத்தவர்கள் பல ஆண்டுகள் இலங்கைக் கடலில் சுழியோடித் தேர்ந்தவர்கள். நீரில் அசையாமல் நிற்கத் தெரியாதவன் கையில் விலையுயர்ந்த கெமரா இருந்தால், அவன் முருகைக்கல்லைப் பிடித்துத்தான் நிற்பான். பல்லாண்டு வளர்ந்த முருகை ஒரு மிதியில் உடையும். ஹிக்கடுவையும் திருகோணமலையின் புறாத்தீவும் சட்டப்படி தேசியப் பூங்காக்கள் என்பதையும் அவன் மறக்கக் கூடாது.

மார்க்கச் சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புகைப்படம் பற்றி உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல் முதீஈ, அது கையால் உருவம் படைப்பதல்ல, நிழலைத் தேக்கி வைப்பதே என்று ஆகுமாக்கி எழுதினார். பேணுதலாக விலகியோரும் உள்ளனர். மீனையும் முருகையையும் எடுப்பதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறு. உல்லாசப் பயணிகள் படத்துக்குக் காசு தருவது பெரும்பாலும் தங்களைத் தாங்களே பார்க்கத்தான், அதுவும் நீச்சலுடுப்பில். அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள்.

மலையேறும் முன்

"கடலுக்கு ஏன் போகணும், மவுசாக்கலையில பழகலாமே" என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. 1969இல் அந்த நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் மூழ்கியது. கடும் வரட்சியில் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும்போது பார்க்கக் கூட்டம் கூடும். ஆனால் நீர் நிறைந்திருக்கும்போது அங்கே இறங்குவது விளையாட்டல்ல. கலங்கிய நீர், சேறு, இடிந்த சுவர்கள். கடல் மட்டத்துக்கு வைத்திருக்கும் சுழியோடும் கணக்குகளும் மலையுயரத்துக்கு அப்படியே பொருந்தா.

அதே உயரம் கடலிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்கும் ஆபத்தாகலாம். ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைதரசன் உடலில் கரைந்திருக்கும். மெதுவாகத்தான் அது வெளியேறும். அதற்குள் உயரத்துக்கு ஏறினால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததுபோல் இரத்தத்தில் குமிழிகள் உண்டாகும். ஒரு தடவை மூழ்கியவர் 12 மணி நேரமும், பல தடவை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது சுழியோடிகளுக்குச் சொல்லப்படும் விதி. ஹற்றன் 1,250 மீற்றருக்கு மேல், நுவரெலியா சுமார் 1,870 மீற்றர். இந்த உயரங்களும் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. படம் எடுப்பவன் ஒரு நாளில் பல தடவை மூழ்குவான். கெமராவிலேயே கண்ணிருப்பதால் ஆழமானியைப் பார்க்க மறப்பான்.

பகலில் திருகோணமலையில் இரண்டு தடவை இறங்கிவிட்டு, இரவு பஸ்ஸில் றம்பொடை ஏறி வீடு வரும் பிள்ளைக்கு மூட்டுவலி, விரல் மரத்தல், அளவற்ற களைப்பு ஏதும் தெரிந்தால் தைலம் தடவிப் படுக்க வைக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், சுழியோடிவிட்டு வந்தவன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தோன்றாமலே போகலாம்.

பெருநாளைக்கு வருகிறேன் என்ற மகன் கீழே ஒரு நாள் தங்கி மறுநாள் வந்தால், அவனோடு கோபிக்காதீர்கள். வட்டிலாப்பத்தில் அவன் பங்கை எடுத்து வையுங்கள்.