பத்துத் திறமைகளும் ஒரு புலம்பலும்

சொந்தத் தொழில், சொந்தக் கணக்கு – 9

வேலையை விட்டுத் தனியாக டிசைன் தொழில் தொடங்கிய முதல் மாதம் நான் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றைப் போன வாரம் தேடி எடுத்துப் படித்தேன். காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவருக்கு எழுதியது. "லேபிள், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு எதுவானாலும் செய்து தருகிறேன். ரேட் பற்றிக் கவலை வேண்டாம், பார்த்துக் கொடுங்கள்." போதாததற்கு, வீட்டு வாடகை கட்ட வேண்டியிருக்கிறது என்ற தகவல் வேறு. பதில் வரவில்லை. 'என்ன விலைக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கோங்க' என்று கடைக்காரர் சொன்னால், சேலையில் எங்கே கிழிசல் என்றுதானே நாமும் தேடுவோம்.

வேலை கேட்டு எழுதியவர்களில் கெட்டிக்காரர் என்று நான் நினைப்பது லியோனார்டோ டா வின்சியை. 1482 வாக்கில், முப்பது வயதில், பிளாரன்ஸை விட்டு மிலானுக்குப் போனார். மிலான் ஆட்சியைக் கையில் வைத்திருந்த லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு அவர் தயாரித்த விண்ணப்பத்தின் வரைவு இன்றும் அந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது. வரைந்து பிழைத்தவர்தான், ஆனால் கடிதத்தில் ஓவியப் பேச்சு கடைசியில்தான் வருகிறது. முதலில் வருபவை, சுலபமாகத் தூக்கிச் செல்லக்கூடிய பாலம், முற்றுகையில் அகழி நீரை வடிக்கும் வழி, ஓசை வராமல் சுரங்கம் தோண்டும் முறை, பீரங்கி, மூடிய போர் வண்டி. வெனிஸோடு பகையில் இருந்த மிலானுக்கு அப்போது வேண்டியிருந்தது அதுதான். பத்தாவதாகத்தான் சமாதான காலத்துக் கட்டட வேலை. பிறகு சிற்பம், ஓவியம். கூடவே, லுடோவிகோவின் தந்தை நினைவாக ஒரு வெண்கலக் குதிரையும் செய்யலாம் என்கிறார். அந்தக் குடும்பத்துக்கு அப்படியொரு ஆசை இருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்று முடிக்கிறார்.

தன் அடுப்பு எரிகிறதா என்பது பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் கிடையாது. (எந்தப் போரையும் நடத்திப் பார்க்காதவர் இவ்வளவும் தெரியும் என்றது கொஞ்சம் அதிகம்தான். அந்தத் துணிச்சலை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.)

ஆனால் அவருடைய இன்னொரு கடித வரைவும் கிடைத்திருக்கிறது. அதே லுடோவிகோவுக்கு, பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியது. தாள் கிழிந்து, வரிகள் பாதி பாதியாக நிற்கின்றன. இரண்டு வருடச் சம்பளம் பாக்கி என்கிறார். குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, காலத்தின் நிலைமை தெரியும் என்கிறார். குதிரைக்காகச் சேர்த்த வெண்கலம் 1494இல் பீரங்கி வார்க்கப் போய்விட்டது.

ஒரே மனிதர், ஒரே பிரபு. முதல் கடிதத்தில் பேச்சு முழுக்க அந்தப் பிரபுவின் தேவை. இரண்டாவதில் தன் தேவை. இடையில் அவருடைய திறமை கூடியிருக்குமே தவிரக் குறையவில்லை. ஒரே வாசலை நம்பியிருந்தார், அந்த வாசலில் பணம் நின்றுபோனது. இதைப் படித்த பிறகு, மின்னஞ்சலில் வார்த்தைகளை மாற்றி மாற்றி எழுதுவதை விட்டுவிட்டு என் கணக்கு நோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்த வருட வருமானத்தில் முக்கால் பங்கு ஒரே பார்ட்டி கொடுத்தது. அவர் போனை எடுக்காத நாளில் மற்ற எல்லோரிடமும் என் குரல் இறங்கியது.

இப்போது பாதித் தொகை அட்வான்ஸ் வராமல் கோப்பைத் திறப்பதில்லை. லியோனார்டோவுக்கு இல்லாத ஒரு வசதியும் நமக்கு உண்டு. உத்யம் பதிவு செய்துகொண்டால் (இலவசம்தான்) 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு தொழில்களுக்கு வரவேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டியை நான் யாரிடமும் கேட்டதில்லை. இன்வாய்ஸின் அடியில் அந்த ஒரு வரியை அச்சிட்டுவிட்டால், பணம் கேட்டுப் போன் செய்யும்போது 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்று தொடங்க வேண்டியதில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே எண்ணெய்க்காரருக்கு மறுபடி எழுதினேன். நான்கே வரி. "உங்கள் அரை லிட்டர் பாட்டிலில் மொத்த விலை இருக்கிறது, ஒரு மில்லிக்கு என்ன விலை என்பது இல்லை. எடையளவு விதிப்படி அதுவும் வேண்டும். ஆய்வாளர் கேட்பதற்குள் சேர்த்துவிடுங்கள். உங்கள் அச்சகத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்." கீழே என் பெயர், போன் எண். மறுநாளே கூப்பிட்டார். லேபிள் முழுவதையும் புதிதாகப் போட என்ன ஆகும் என்றார். சொன்னேன்.

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதுங்களா?"

"குறைக்கணும்னா அட்டைப்பெட்டி டிசைனை இப்போதைக்கு விட்டுடலாங்கண்ணா. லேபிளுக்கு ரேட் அதுதான்."

யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். அந்த வாரம் கையில் வேறு இரண்டு வேலை இருந்ததால் நான் திரும்பக் கூப்பிடவில்லை. இல்லாவிட்டால் மூன்றாம் நாளே கூப்பிட்டிருப்பேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பதினோராம் நாள் அட்வான்ஸ் வந்து விழுந்தது. பின்னாலேயே அவர் போன்.

"ஏனுங்க தம்பி, முன்னாடி ஒரு மெயில் போட்டிருந்தீங்களே, அந்த வீட்டு வாடகையெல்லாம் கட்டியாச்சுங்களா?"

(தொடரும்)