எழுதியவர் ஒருவர், விற்பவர் வேறொருவர்

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரெட்டிட் நிறுவனம், தனது தளத்தில் குவிந்துள்ள விவாதப் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காக கூகுள் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனத்துடனும் ரெட்டிட் உடன்பாடு கண்டது. விற்கப்பட்ட சரக்கை அந்நிறுவனத்தின் ஊழியர்கள் எழுதவில்லை. நாய்க்கு வந்த நோய் முதல் வரிக் கணக்கில் வந்த சிக்கல் வரை, யாரோ கேட்ட கேள்விகளுக்கு யாரோ ஊதியமின்றி எழுதிய விடைகள் அவை.

அப்படியானால், அந்தப் பதிவுகள் யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கே என்பதுதான் சட்டத்தின் விடை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, ஒருவர் சொந்தமாக எழுதும் எழுத்துக்கு, அது எழுதப்பட்ட கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எந்த அலுவலகத்திலும் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவரே முதல் உரிமையாளர். அவருடைய வாழ்நாளிலும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கும். எல்லோரும் இலவசமாகப் படிக்க முடிகிறது என்பதாலேயே ஓர் எழுத்து பொதுச்சொத்தாகிவிடாது.

இதற்கு எல்லைகளும் உண்டு. கருத்துக்கும் தகவலுக்கும் பதிப்புரிமை இல்லை. அவற்றை வெளிப்படுத்தும் விதத்துக்கே உண்டு என்பதை 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மிளகு ரசத்தில் என்னென்ன சேர வேண்டும் என்ற தகவல் அனைவருக்கும் பொது; அதை நீங்கள் விவரித்து எழுதிய வாசகங்கள் உங்களுடையவை. ஓரளவேனும் படைப்பாற்றல் தேவை என்பதால், 'நன்றி', 'ஆமாம்' போன்ற ஒற்றைச் சொல் பதில்களுக்கு உரிமை கோர முடியாது. விமர்சனத்துக்காகவோ செய்திக்காகவோ நியாயமான அளவில் எடுத்தாளவும் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், பிறர் எழுதிய நூறு விடைகளை அப்படியே தொகுத்து, அனுமதியின்றி நூலாக்கி விற்பவர் அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

இவ்வளவு உரிமையும் ஒரு சொடுக்கில் கைமாறுகிறது. கணக்குத் தொடங்கும்போது 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை, நிபந்தனைகளைப் படிக்காமலேயே பலமுறை அழுத்தியவர்களில் நானும் ஒருவன். ரெட்டிட்டின் நிபந்தனைகளில், பதிவின் உரிமை உங்களிடமே இருக்கும் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த வரிகளில், உலகெங்கும் செல்லுபடியாகும், காலவரையற்ற, திரும்பப் பெறமுடியாத, கட்டணமில்லாத, பிறருக்கும் வழங்கத்தக்க உரிமத்தை நீங்கள் தந்துவிடுகிறீர்கள். அதே எழுத்தை நீங்கள் வேறிடத்தில் வெளியிடத் தடையில்லை. ஆனால், தளம் அதை விற்பதைத் தடுக்கவும் முடியாது. வீட்டுப் பத்திரம் நம் பெயரில் இருக்க, வாடகையை மட்டும் இன்னொருவர் வாங்கிக்கொள்வதைப் போன்றது இது.

உரிமம் எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த எல்லைக்குள் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளவேண்டும் என்கிறது நம் சட்டம். எழுதுபவரைக் காக்கவே இந்த ஏற்பாடு. ஆனால், 'காலவரையின்றி', 'உலகெங்கும்' என்று நிபந்தனையில் இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகிறது.

நிரலாளர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் பதிவுகள், யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தத்தக்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் உள்ளன. எழுதியவரின் பெயரைச் சொல்லவேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனைகளில் ஒன்று. 2024 மே மாதம் அத்தளமும் ஓபன்ஏஐயுடன் கைகோத்தபோது, சிலர் தங்கள் விடைகளை அழித்தும் மாற்றியும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அழித்தவை மீட்கப்பட்டன, அவர்களில் சிலருடைய கணக்குகள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. பிறருக்குப் பயன்படும் விடைகள் அழியக்கூடாது என்ற தளத்தின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், பல்லாயிரம் பேரின் விடைகளைக் கரைத்துப் பதில் சொல்லும் இயந்திரத்தில் எழுதியவரின் பெயர் எங்கே நிற்கும்? உரிமையைக் கைமாற்றிய பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்று நம் சட்டத்தின் 57-ஆவது பிரிவு கூறுவதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

ஒரே கையெழுத்தில் அனைத்தையும் இழப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. திரைப்படப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் இழந்தார்கள். 2012-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, திரையரங்குக்கு வெளியே அவர்களின் படைப்புகள் பயன்படும்போது கிடைக்கவேண்டிய ராயல்டி பங்கை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது என்று ஆக்கியது. சமமற்ற இருவருக்கிடையிலான சம்மதத்தைச் சட்டம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை என்பதே அந்தத் திருத்தத்தின் சாரம். அதே நியாயம் இங்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆளுக்கு இவ்வளவு என்று பணம் பங்கிட வேண்டும் என நான் கோரவில்லை. ரெட்டிட்டில் 2023 இறுதியில் இருந்தவை 100 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள், 1,600 கோடிக்கும் மேற்பட்ட பின்னூட்டங்கள். ஓராண்டுத் தொகையைப் பகிர்ந்தால் ஒன்றுக்கு முப்பது பைசா தேறுவதே கடினம். கேட்கவேண்டியது வேறு. கணக்குத் தொடங்கியபோது எவரும் நினைத்திராத புதிய வணிகப் பயன்பாட்டுக்குப் புதிதாகச் சம்மதம் பெறவேண்டும். வேண்டாம் என்பவரின் எழுத்தை விலக்கிவைக்க வழி இருக்கவேண்டும். இந்த இரண்டையும் எந்த நிபந்தனையும் பறிக்காதபடி சட்டம் செய்யவேண்டும்.

2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்கள் உண்டு. முகமறியாத ஒருவரின் துயருக்கு நள்ளிரவில் விடை எழுதியவருக்கு யாரும் இல்லை. அவருக்காகச் சட்டம்தான் பேசவேண்டும்.