ரிசர்வ் டிக்கெட், ரிசர்வ் ஃபாரஸ்ட், ரிசர்வ் தொகுதி... ஏற்காட்டில் ஒரே சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?

சென்னையில் ஏற்காடு எக்ஸ்பிரஸில் 'ரிசர்வ்' பண்ணி ஏறுறோம். அந்த ரயில் ஏற்காட்டுக்குப் போகாது, ஈரோட்டுக்குத்தான் போகும் என்பது தனிக்கதை. சேலத்தில் இறங்கி, பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு ஒண்டிக்கடை. அங்கே நிற்கும் சுற்றுலாப் பயணிக்கு 'ரிசர்வ்' என்றால் லாட்ஜில் ரூம் போடுவது. அதே மலையில் வாழும் பழங்குடி குடும்பத்துக்கு அந்தச் சொல் காட்டையும் குறிக்கும், காலேஜ் சீட்டையும் குறிக்கும்.

எங்கிருந்து வந்தது?

மூலச் சொல் லத்தீன் மொழியின் 'ரெசர்வாரே'. 'ரெ' என்றால் பின்னால். 'செர்வாரே' என்றால் காப்பது, வைத்துக்கொள்வது. கொடுத்துவிடாமல் பின்னால் எடுத்து வைப்பதுதான் நேரடிப் பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 'ப்ரிசர்வ்', 'கன்சர்வ்', 'அப்சர்வ்' எல்லாம் இதே 'செர்வாரே' குடும்பம்தான். ஹோட்டல் 'சர்வர்' மட்டும் இதில் சேர மாட்டார். அவர் 'ஊழியம் செய்' என்ற பொருள் கொண்ட 'செர்வீரே' என்ற வேறொரு வினையிலிருந்து வந்தவர்.

தமிழில் இது ஒரே சொல்லாக வரவில்லை. டிக்கெட்டுக்கு முன்பதிவு, காட்டுக்குக் காப்புக்காடு, வேலைக்கு இடஒதுக்கீடு, தேர்தலுக்குத் தனித்தொகுதி என்று பிரிந்துவிட்டது. அதனால் எல்லாமே ஒரே வினை என்பது நமக்குத் தெரிவதில்லை. யார் எடுத்து வைக்கிறார்கள், யாருக்காக என்பதுதான் ஒவ்வொன்றிலும் மாறுகிறது.

காட்டை எடுத்து வைத்தது அரசு, தனக்காக. 1882-ம் ஆண்டு மெட்ராஸ் வனச் சட்டப்படி, ஒரு காட்டை 'ரிசர்வ்' ஆக்கப்போவதாக முதலில் அறிவிப்பு வரும். அங்கே உரிமை உள்ளவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் அதிகாரியிடம் கோர வேண்டும். கோராத உரிமை போச்சு. இறுதி அறிவிப்புக்குப் பிறகு அனுமதியில்லாமல் மரம் வெட்டுவதும், மாடு மேய்ப்பதும் குற்றம். பட்டா, பத்திரம் என்ற பழக்கமே இல்லாத மலைக் கிராமங்களுக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்னு விளக்க வேண்டியதில்லை. 'காப்புக்காடு' என்ற அழகான பெயரில் அந்தப் பக்கம் தெரியாது.

இந்தப் பழைய கணக்கைச் சரிசெய்யத்தான் 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் வாழ்ந்து, பயிர் செய்துவரும் பழங்குடியினர் அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம்.

தொகுதி விஷயத்தில் அதே வினை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். இங்கே பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. வேட்பாளர்தான் பழங்குடியினராக இருக்க வேண்டும். ஓட்டு எல்லோரும் போடலாம்.

கல்வி, வேலைவாய்ப்பில் மாநிலத்தின் 69% இடஒதுக்கீட்டில் பழங்குடியினரின் பங்கு 1%. சேர்வராயன் மலையில் பெரும்பாலும் 'மலையாளி' சமூகத்தினர். கேரளாவோடு குழப்பிக்க வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது. அதில் இடம்பெறாததால், ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் தங்களையும் சேர்க்கச் சொல்லி நீண்டகாலமாகக் கேட்டு வருகிறார்கள்.

தமிழில் 'ஒதுக்கு' என்ற சொல்லுக்கும் இதே இரண்டு முகம் உண்டு. 'அவனுக்குக் கொஞ்சம் சோறு ஒதுக்கி வை' என்றால் அக்கறை. 'அவனை ஒதுக்கி வைச்சுட்டாங்க' என்றால் ஊர்விலக்கு.