ஐந்து இயந்திரங்கள் போதுமா?

2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் நாடாளுமன்றத் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் நகரின் ஸ்கார்பேக் பகுதியில் மக்கள் கணினி வழியாக வாக்களித்தார்கள். இரவு கணக்கு வந்தபோது ஒரு வேட்பாளரின் வாக்கு எண்ணிக்கை அதிகாரிகளை உறுத்தியது. அந்த இடத்தில் அவர் அத்தனை வாக்கு வாங்கியிருக்கவே முடியாது. வாக்காளர்களின் தேர்வைப் பதிந்து வைத்திருந்த காந்த அட்டைகளை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். மற்ற எல்லோர் கணக்கும் அப்படியே இருந்தது. அவருக்கு மட்டும் சரியாக 4,096 வாக்குகள் குறைந்தன.

கணினி படித்தவர்களுக்கு அந்த எண் உடனே பிடிபடும். 2 என்ற எண்ணை 12 முறை பெருக்கினால் 4,096. கணினி நினைவகத்தில் எண்கள் பூஜ்யமும் ஒன்றுமாக வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் 13ஆவது இடத்தில் இருந்த பூஜ்யம் தானாக ஒன்றாகிவிட்டது. மென்பொருளில் பிழை எதுவும் கிடைக்கவில்லை. விண்வெளியிலிருந்து வந்த துகள் ஒன்று சில்லைத் தாக்கியிருக்கலாம் என்பதுதான் பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம்.

இந்தச் சம்பவத்தில் சதிகாரர் யாரும் இல்லை. ஆனாலும் இதை நினைக்கும்போது எனக்குக் கவலை வருகிறது. மாறியது 13ஆவது இடமாக இல்லாமல் 7ஆவது இடமாக இருந்திருந்தால், கூடியிருப்பது வெறும் 64 வாக்குகள். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. பிழை பெரிதாக இருந்ததால் கண்ணில் பட்டது, அட்டைகள் கையில் இருந்ததால் திருத்த முடிந்தது.

நம் ஊரில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பற்றிய விவாதம் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: ஹேக் செய்ய முடியுமா, முடியாதா? தோற்ற கட்சி முடியும் என்கிறது, வென்ற கட்சி முடியாது என்கிறது. அடுத்த தேர்தலில் இடம் மாறிக்கொள்கிறார்கள். கணினிப் பாதுகாப்பு அறிஞர்கள் வேறு கேள்வி கேட்கிறார்கள். ரகசியக் குறியீட்டுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரொனால்ட் ரிவெஸ்டும் ஜான் வாக்கும் 2006இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். மென்பொருளில் நுழையும் கண்டுபிடிக்கப்படாத பிழையோ மாற்றமோ, தேர்தல் முடிவில் கண்டுபிடிக்க முடியாத மாற்றத்தை உண்டாக்கக் கூடாது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்பதை இந்த அளவுகோல் கேட்பதில்லை. அது தவறினால் நமக்குத் தெரியவருமா என்று மட்டுமே கேட்கிறது. ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றமும் 2009இல் இதே திசையில் தீர்ப்பளித்தது. சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி, 2005 தேர்தலில் இயந்திரங்களைப் பயன்படுத்திய விதம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது.

இந்திய இயந்திரத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த நம் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் அதன் உருவாக்கத்தில் பங்கு உண்டு. 1982இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் பறவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய, சட்டத் திருத்தம் வந்து, 2001இல் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்திலேயே நடந்தது. இணையத் தொடர்பு இல்லை. பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டு பாதிக்காது. எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு, எந்தச் சாவடிக்கு என்பதை இரண்டு கட்டமாகக் குலுக்கல் முறையில் கணினி ஒதுக்குகிறது. வாக்குப்பதிவு நாள் காலையில் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் உண்மையான பாதுகாப்புகள்.

ஆனால் இயந்திரம் யார் கையிலாவது போய்ச் சேர்ந்தால்? 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்க்ரைப் ஆகியோரின் குழு ஒரு பழைய மாதிரி இயந்திரத்தை வைத்து இதைக் காட்டியது. முடிவுகளைக் காட்டும் திரைப் பலகையை எடுத்துவிட்டு, அச்சு அசலாக அதேபோல இருக்கும் வேறொன்றைப் பொருத்தினார்கள். உள்ளே வாக்குகள் ஒழுங்காகத்தான் இருந்தன, வெளியே தெரிந்த எண்கள் பொய். அந்த இயந்திரம் எப்படிக் கிடைத்தது என்ற வழக்கில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். சீல் வைத்து, காவல் போட்டு, முகவர்கள் விழித்திருக்கும்போது இதைப் பெரிய அளவில் செய்வது மிகக் கடினம். கடினம் என்பது ஒரு பதில்தான். ஆனால் தோற்றவர் கையில் கொடுக்கக்கூடிய ஆதாரம் ஆகாது.

அந்த ஆதாரத்துக்காகத்தான் விவிபேட் என்ற காகிதச் சீட்டு முறை வந்தது. 2013இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் தொடங்கி, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் போனது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குள் 7 விநாடிகள் ஒரு சீட்டு தெரியும். வரிசை எண், வேட்பாளர் பெயர், சின்னம். பிறகு அது அறுந்து பெட்டிக்குள் விழும். இயந்திரக் கணக்குக்கும் சீட்டுக் கணக்குக்கும் முரண்பாடு வந்தால் சீட்டுக் கணக்கே செல்லும் என்று தேர்தல் நடத்தை விதிகள் சொல்கின்றன. ஆக, சட்டப்படி இறுதிச் சொல் காகிதத்துடையது. அந்தக் காகிதத்தில் நாம் எவ்வளவு எண்ணுகிறோம்?

ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 இயந்திரங்களின் சீட்டுகள். 50 விழுக்காடு எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. இதற்கு முன் தேர்தல் ஆணையம் இந்தியப் புள்ளியியல் நிறுவன நிபுணர்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. அவர்கள் சொன்ன எண் 479. தொகுதிக்கு அல்ல, நாடு முழுவதற்கும் சேர்த்து. 479 இயந்திரங்களைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சரிபார்த்து எதிலும் பிழை இல்லை என்றால், பழுதான இயந்திரங்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 99.99 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். கணக்கில் தவறில்லை. நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது.

கேள்விதான் தவறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், அந்தப் பதம் அந்தப் பானைக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் 234 அடுப்புகளில் 234 பானைகள் வேகின்றன. ஒவ்வொரு தொகுதியும் தனித் தேர்தல், தனி முடிவு. நாடு முழுவதும் 2 விழுக்காடுதான் பழுது என்ற உறுதிமொழி, அந்த 2 விழுக்காடு தன் தொகுதியில் குவிந்திருக்குமோ என்று கேட்கும் வேட்பாளருக்கு எந்தப் பதிலும் தருவதில்லை. தமிழ்நாட்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி அசோக் வர்தன் ஷெட்டி இந்தப் புள்ளியியல் ஓட்டையை 2018 முதலே விரிவாக எழுதிவருகிறார்.

ஒரு கணக்குப் போடலாம். 200 வாக்குச்சாவடிகள் உள்ள தொகுதி. வெற்றி வித்தியாசம் 1,000 வாக்குகளுக்குச் சற்றே குறைவு. ஒருவரிடமிருந்து 500 வாக்குகளை எடுத்து மற்றவருக்குப் போட்டால் முடிவு தலைகீழாகும். சாவடிக்கு 100 வாக்கு மாற்றினால் 5 இயந்திரங்கள் போதும். 200இல் ஒளிந்திருக்கும் அந்த ஐந்தில் ஒன்றாவது, நாம் குலுக்கி எடுக்கும் ஐந்தில் அகப்படும் வாய்ப்பு 100க்கு 12தான். 95 விழுக்காடு நம்பிக்கை வேண்டுமானால் சுமார் 90 இயந்திரங்களின் சீட்டுகளை எண்ண வேண்டும்.

இப்போது வித்தியாசம் 50,000 என்று வையுங்கள். 25,000 வாக்குகளை மாற்ற வேண்டும். சாவடிக்கு 250 வாக்கு என்று துணிந்தாலும் 100 இயந்திரங்களில், அதாவது பாதி தொகுதியில், கை வைத்தாக வேண்டும். அப்போது 5 இயந்திரங்களை எடுத்தாலே 100க்கு 97 முறை பிடிபட்டுவிடும். பெரிய வெற்றிக்கு ஐந்து தாராளம். சின்ன வெற்றிக்கு ஐந்து ஒன்றுமே இல்லை. 2021இல் தியாகராய நகர் 137 வாக்குகளில் முடிவானது. 2016இல் ராதாபுரம் 49 வாக்குகளில் முடிவாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு லட்சம் வாக்கில் வென்ற தொகுதிக்கும் 49 வாக்கில் வென்ற தொகுதிக்கும் அதே ஐந்து என்பது, என் பார்வையில், சரிபார்ப்பே அல்ல. சடங்கு.

அமெரிக்கப் புள்ளியியல் பேராசிரியர் ஃபிலிப் ஸ்டார்க் இதற்கு வழி சொல்லி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. வித்தியாசம் எவ்வளவு என்று பார், அதற்கேற்ப மாதிரியின் அளவைத் தீர்மானி. எண்ணும்போது காகிதம் இயந்திரத்தோடு ஒத்துப்போனால் நிறுத்து. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் எண்ணு, தேவைப்பட்டால் கடைசிச் சீட்டு வரை எண்ணு. 2017இல் கொலராடோ மாநிலம் முழுவதும் இதைச் செய்தது. 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியாவில் வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்ததால் சுமார் 50 லட்சம் வாக்குச்சீட்டுகளையும் கையாலேயே எண்ணினார்கள். முடிவு மாறவில்லை. ஆனால் ஃபிளாய்ட் என்ற ஒரே மாவட்டத்தில், எண்ணாமலே விடப்பட்ட 2,600க்கும் மேற்பட்ட வாக்குகள் கண்டெடுக்கப்பட்டன. ஹேக்கர் யாருமில்லை, அலுவலர்களின் கவனக்குறைவு.

நம் விதியில் இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. ஐந்தில் ஒன்றில் முரண்பாடு தெரிந்தால், அந்த ஒன்றின் கணக்கைத் திருத்துகிறார்கள். நம் 200 சாவடி உதாரணத்தில், மீதி 195 இயந்திரங்களைப் பற்றி அந்த முரண்பாடு என்ன சொல்கிறது என்று விதி கேட்பதில்லை. மாதிரி எடுப்பதன் நோக்கமே அந்த 195ஐப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான்.

எல்லாச் சீட்டுகளையும் எண்ணச் சொன்ன மனுக்களை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு விதத்தில் எனக்கு அதில் வருத்தமில்லை. முழுவதும் எண்ணத் தேவையில்லை, நெருக்கமான தொகுதிகளில் நிறைய எண்ணினால் போதும். அதே தீர்ப்பு, சீட்டுகளை எண்ண ஓர் இயந்திரம் உருவாக்க முடியுமா, சின்னத்தோடு கட்சிக்கு ஒரு பார்கோடும் அச்சிட முடியுமா என்று பரிசீலிக்கச் சொன்னது. எண்ணும் இயந்திரம் வரட்டும், வேலை குறையும். பார்கோடு வேண்டாம். அந்த 7 விநாடியில் வாக்காளர் பார்ப்பது உதயசூரியனையோ இரட்டை இலையையோ தாமரையையோதானே தவிர, கறுப்புக் கோடுகளை அல்ல. கோட்டை இயந்திரம் எண்ணினால், வாக்காளர் சரிபார்த்தது ஒன்றும் எண்ணப்பட்டது வேறொன்றும் ஆகிவிடும். ஜார்ஜியா தன் வாக்குச்சீட்டில் கியூஆர் குறியீடு வைத்து எண்ணியது, பிறகு அதைக் கைவிட 2024இல் சட்டமே கொண்டுவந்தது. நாம் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டியதில்லை. சின்னத்தின் படத்தையே அடையாளம் கண்டு எண்ணும் இயந்திரத்தை இன்று நம் பொறியியல் கல்லூரி மாணவர்களாலேயே வடிவமைக்க முடியும்.