கைக்குள் இருக்கும் அறிவு

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே உள்ள ராசிபுரம் வட்டாரத்தில் வெயில் காலத்தில் சென்றால், சிமெண்டுக் களங்களில் வெண்மணிகள் பரந்து காய்வதைக் காணலாம். அவை ஜவ்வரிசி. பாயசத்தில் அதை உண்ணும் நாம், அதை உருட்டிய கைகளுக்கு என்னென்ன தெரியும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஜவ்வரிசி செய்யும் முறையை ஐந்தே வரிகளில் எழுதிவிடலாம். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைக்க வேண்டும். பாலை வடிகட்டித் திப்பியை நீக்க வேண்டும். பாலைத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். ஈரமாவை உதிர்த்துக் குலுக்கினால் மணிகளாகத் திரளும். அவற்றைச் சலித்து, சூடான தட்டில் வாட்டி, களத்தில் காயவைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் நாளையே ஓர் ஆலை தொடங்க முடியுமா? முடியாது. மாவில் ஈரம் மிகுந்தால் கட்டி தட்டும். குறைந்தால் மணி திரளாது. சரியான ஈரம் எது? அனுபவமுள்ள தொழிலாளி ஒரு பிடி மாவை அள்ளி, அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லச் சொற்கள் இல்லை, அவ்வளவுதான்.

இருவகை அறிவு

ஹங்கேரியில் பிறந்து, வேதியியலறிஞராக இருந்து, பின்னர் தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி இவ்வகை அறிவை 1966-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். இதை உள்ளுறை அறிவு எனலாம். ஏட்டில் எழுதக்கூடியது வெளிப்படை அறிவு. ஒரு நிறுவனத்திடம் இவ்விரண்டும் உண்டு. ஆனால் அலமாரியில் பூட்டி வைப்பது இரண்டாவதை மட்டுமே. முதலாவது, தொழிலாளி ஓய்வு பெறும் நாளில் அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

இதைத் தடுப்பது எப்படி? ஜப்பானிய அறிஞர்களான நோனாகாவும் தகேயுச்சியும் 1995-இல் எழுதிய நூலில் நான்கு படிகளைக் கூறினர். முதற்படி கூடிப் பழகல். அதாவது கற்பவர் வல்லவரோடு சேர்ந்து வேலை செய்வது. இரண்டாவது வெளிப்படுத்தல், கைக்குத் தெரிந்ததைச் சொல்லாகவோ, அளவாகவோ மாற்றுவது. மூன்றாவது, அப்படிக் கிடைத்தவற்றை ஒன்றுசேர்ப்பது. நான்காவது, அதைப் பலரும் பழகித் தம் கைக்குள் ஆக்கிக்கொள்வது. பிறகு மீண்டும் முதற்படி. இது சுழலும் சக்கரம்.

அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று சுவையானது. 1985-இல் மட்சுஷிட்டா நிறுவனம் வீட்டில் ரொட்டி செய்யும் இயந்திரத்தை வடிவமைத்தபோது, ரொட்டி சரியாக வரவில்லை. குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஒசாகாவில் ஓட்டலொன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் வேலை பழகினார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பதைக் கண்டார். அந்த முறுக்கல் இயந்திரத்தில் இடம்பெற்றது.

நம் ஊர்ச் சக்கரம்

நம் ஊரிலும் இச்சக்கரம் சுழன்றிருக்கிறது. 1943-இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து இத்தொழிலைத் தொடங்கினார். செய்முறை தெரிந்தவர் ஷா. ஆகவே கடல் கடந்து வந்தது இயந்திரமன்று. ஒரு மனிதரிடம் இருந்த அறிவு. அது பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. 1981-இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். அங்கே சரக்கின் மாதிரி ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படுகிறது. பல ஆலைகளின் சரக்கை ஒரே அளவுகோலால் பார்ப்பதும் மூன்றாம் படிதானே? சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

தராசும் உழவரும்

வெளிப்படுத்தலுக்கு ஆலை வாசலிலேயே நல்ல சான்று உண்டு. அனுபவமுள்ள உழவர் கிழங்கை ஒடித்துப் பார்த்தே மாவு எப்படி என்று சொல்வார். ஆலையில் அது "பாயின்ட்" கணக்காகிறது. இதன் தத்துவம் எளியது. மாவுச்சத்தின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே மாவு மிகுந்த கிழங்கு நீருக்குள்ளும் கனக்கும். காற்றில் 5 கிலோ நிற்கும் இரு குவியல்களை நீருக்குள் தொங்கவிட்டு நிறுப்பதாகக் கொள்வோம். ஒன்று 500 கிராம், மற்றொன்று 600 கிராம் காட்டினால், இரண்டாவதிலேயே மாவு அதிகம்.

பாயின்ட் குறைந்தால் விலை குறையும். வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும் என்பதால், வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவும் உழவரால் இயலாது. ஆகவே அவர் அறிய வேண்டியவை சில உண்டு. கூடை காலியாக நீருக்குள் தொங்கும்போது தராசு சுழி காட்ட வேண்டும். கூடை தொட்டியின் அடியிலோ பக்கத்திலோ தட்டக் கூடாது. தட்டினால் எடை குறைந்து காட்டும். கிழங்கு முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தவரிடம் தராசு தவறிப் பேசாது. தெரியாதவருக்கு அது வெறும் எண்.

அறிவை மேலாள்வது என்பது ஏடுகளை அடுக்குவதன்று என்பது இதனால் விளங்கும். நீங்கள் வேலை செய்யும் இடம் ஆலையோ, தறிக்கூடமோ, அலுவலகமோ, எதுவாயினும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இங்கே யார் நாளை வராவிட்டால் வேலை நின்றுவிடும்? அவர் பக்கத்தில் இன்றே ஓர் இளைஞரை நிறுத்துங்கள். அவர் செய்வதைப் பார்த்து, ஏன் என்று கேட்டு, விடையைக் குறித்து, மறுநாள் அந்த இளைஞரே செய்து பார்க்கட்டும். கற்றுத்தருபவருக்கு உரிய மதிப்பும் ஊதியமும் கொடுங்கள். தன் இடம் பறிபோகும் என்று அஞ்சுபவர் எதையும் சொல்லித்தர மாட்டார்.

பகிர்ந்தால் பணம் குறையும், அறிவு குறையாது. ஆனால் கைக்குள்ளேயே மூடிவைத்த அறிவு, அந்தக் கையோடு போய்விடும்.