மீனுக்கு வெந்நீர் வைப்பது எப்படி

குன்னூரில் தை மாதக் காலை. நாம் குளிப்பதற்கே நாலு தடவை யோசிக்கிற குளிர். சமையலறை ஓரத்தில் நிற்கும் நீல டிரம்முக்குள் தெர்மாமீட்டரை விட்டால் 16 டிகிரி காட்டுகிறது. அடுத்த அறைத் தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் 27 டிகிரியில் சொகுசாக நீந்துகின்றன. வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தொட்டியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, டிரம்மில் பிடித்து வைத்ததை ஊற்ற வேண்டும். நடுவில் இருக்கும் 11 டிகிரியை என்ன செய்வது? சென்னைக் கொளத்தூரில் மீன் வாங்கும்போது கடைக்காரர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார். சென்னையில் இருப்பவருக்கு மார்கழியிலும் இந்தத் தொல்லை கிடையாது.

அப்படியே ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 180 லிட்டர் தொட்டி. 120 லிட்டர் பழைய தண்ணீர் 27 டிகிரியில் இருக்கிறது. அதில் 60 லிட்டர் 16 டிகிரித் தண்ணீர் சேர்கிறது. தொட்டி 23 டிகிரிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். சில நிமிடங்களுக்குள் கிட்டத்தட்ட நாலு டிகிரி இறக்கம். மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. தண்ணீர் குளிர்ந்தால் மீனும் குளிர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியில்தான் வெண்புள்ளி நோய்க் கிருமி ஏறி உட்காரும். சில நாளில் செதில் மேல் பொடி உப்பைத் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும்.

“தொட்டிக்குள்தான் ஹீட்டர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?” என்று கேட்பார்கள். பார்த்துக்கொள்ளும், மூன்று நாலு மணி நேரம் கழித்து. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி வேண்டும். 60 லிட்டரை 11 டிகிரி ஏற்ற 770 வாட்-மணி, அதாவது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. தொட்டியில் சுட வைத்தாலும் டிரம்மில் சுட வைத்தாலும் மின்சாரம் அதேதான். மீனை உள்ளே வைத்துக்கொண்டு சுட வைப்பதா, மீன் இல்லாத இடத்தில் முதலிலேயே சுட வைத்துவிடுவதா என்பதுதான் வித்தியாசம். இரண்டு மாதத்துக்கு ஏழெட்டு யூனிட் போகும். வீட்டுக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசமாகக் கிடைக்கிற ஊரில் இதற்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

டிரம்முக்கு 300 வாட் ஹீட்டர் ஒன்று போதும். கணக்குப்படி இரண்டரை மணி நேரம். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் மூன்றிலிருந்து நாலு மணி நேரம். டிரம்முக்கு அடியில் ஒரு தெர்மோகோல் பலகை, சுற்றிலும் பழைய கம்பளி, மேலே மூடி. இவற்றில் மூடிதான் முக்கியம், ஏனென்றால் திறந்த தண்ணீர்ப் பரப்பிலிருந்துதான் சூடு ஆவியோடு வேகமாகப் போகிறது. இரவு படுக்கும் முன் ஸ்விட்சைப் போட்டால் காலையில் தண்ணீர் தயார்.

நானும் இதை எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் முதல் வருஷம் ஏமாந்தேன். ஹீட்டரை டிரம்மின் வாயோரமாகச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருந்தேன். காலையில் மேலே தெர்மாமீட்டரை விட்டேன், 27 டிகிரி. கையை விட்டேன், இளஞ்சூடு. திருப்தியாக டிரம்மின் அடியில் சின்ன மோட்டாரைப் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினேன். இரண்டு நிமிடம் போயிருக்காது, ஏஞ்சல்கள் நாலும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் நின்றன. குழாய் வாயில் விரலை வைத்தால் ஐஸ் மாதிரி இருந்தது.

சுட்ட தண்ணீர் எடை குறைந்து மேலே மிதக்கும்; குளிர்ந்தது அடியில் தங்கிவிடும். ஹீட்டர் மேலே இருந்தால் மேல் பாதி மட்டும் சூடாகும், ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் அந்தப் பாதியை நம்பி அணைந்துவிடும். அடிப் பாதிக்குச் செய்தியே போகாது. ஆகவே ஹீட்டர் டிரம்மின் அடியில் படுத்த வாக்கில் இருக்க வேண்டும். கூடவே தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன பவர்ஹெட்டோ, ஏர் பம்ப்பில் ஒரு காற்றுக்கல்லோ ஓட வேண்டும். பெரிய ஹீட்டர் வாங்கக் காசு வைத்திருப்பவர்கள் அதில் பாதியை இந்த மோட்டாருக்குக் கொடுக்கலாம் என்பேன். கையை நம்பாதீர்கள், குளிரில் விறைத்த கைக்கு 22 டிகிரியும் வெந்நீர்தான். தெர்மாமீட்டரை நூலில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள். தொட்டிக்கும் டிரம்முக்கும் ஒரு டிகிரி, மிஞ்சிப் போனால் இரண்டு, அதற்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

காற்றுக்கல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் காற்று அதிகமாகக் கரைந்திருக்கும். ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொண்டால், கடல் மட்டத்தில் 16 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குப் பிடித்து வைத்திருக்கும். 27 டிகிரியில் 8 மில்லிகிராம்தான் தாங்கும். சூடேறும்போது மிச்சக் காற்று வெளியே வர வழி தேடும். அசையாமல் சுட வைத்த தண்ணீரை உடனே தொட்டியில் ஊற்றிப் பாருங்கள், கண்ணாடி, செடி, மீனின் துடுப்பு எல்லாவற்றிலும் சோடா பாட்டில் போல வெள்ளிக் குமிழ்கள் ஒட்டும். பார்க்க அழகு. அதே குமிழ் மீனின் ரத்தத்துக்குள்ளும் உண்டாகலாம் என்பதுதான் கவலை. இரவு முழுக்கக் காற்று ஓடினால் மிச்சக் காற்று டிரம்மிலேயே வெளியேறிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரென்றால் முதல் நாள் மூடாமல் காற்று ஓடவிடுங்கள், குளோரின் பறந்துவிடும். மூடியும் ஹீட்டரும் இரண்டாம் நாள் இரவுக்கு.

அவசரத்துக்கு அடுப்பில் வைத்துக் கலக்கலாமா? தாராளமாக. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கமே கொதித்துவிடும். இறக்கி ஊற்றுவதற்குள் 93. அப்போது கணக்கு சுலபம்: ஒரு பங்கு கொதிநீருக்கு ஆறு பங்கு 16 டிகிரித் தண்ணீர், சரியாக 27. எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். டிரம்மில் ஊற்றிக் கலக்கி, அளந்து பார்த்த பிறகே தொட்டிக்கு. கொதிநீரை நேராகத் தொட்டியில் கொட்டிச் சமன் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

பழைய வீடுகளில் விறகு போட்டு எரிக்கும் செப்பு பாய்லர் இருக்கும். நமக்கு அது அருமையான வெந்நீர். இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். செம்பு மிகச் சிறிய அளவில் கரைந்தாலே அவை தாங்காது, மீனுக்கும் ஆகாது. குளியலறை கீசரிலும் உள்ளே செம்பு இருக்கக்கூடும். அந்தத் தண்ணீரையும் நான் தொட்டிக்கு எடுப்பதில்லை.

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு? 1500 வாட் ராடு அரை மணியில் வேலையை முடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் கிடையாது, மறந்தால் ஏறிக்கொண்டே போகும்; டிரம் சுவரில் பட்டால் பிளாஸ்டிக் உருகும். கட்டாயம் என்றால் குறுக்குக் கட்டையில் மாட்டி, பக்கத்திலேயே நின்று, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கையை வையுங்கள். எந்த ஹீட்டரானாலும், மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் ஈஎல்சிபி இருக்கிற இணைப்பில்தான் மாட்ட வேண்டும். கண்ணாடி ஹீட்டருக்கு ஒரு பத்தியம் உண்டு: தண்ணீர் இறைக்கும் முன் ஸ்விட்சை அணைத்துக் கால் மணி நேரம் உள்ளேயே ஆற விட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரம் காலியானால் குழாய் ‘டப்’ என்று வெடிக்கும். என்னிடம் அப்படி ஒன்று போயிருக்கிறது.

சமவெளிக்காரர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கையைச் சுடும். அங்கே விடிவதற்கு முன் பிடித்து வைப்பதுதான் வழி.

கோரிடோராஸ் என்ற மீசைக்காரக் கெளுத்தி மட்டும் இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் விலக்கு. தென் அமெரிக்க ஓடைகளில் மழை வந்து தண்ணீர் குளிர்ந்தால், முட்டையிடும் காலம் என்று அது எடுத்துக்கொள்ளும். அதனால் அதற்கென்று தனியாக வைத்திருக்கும் சின்னத் தொட்டியில், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேண்டுமென்றே மூன்று டிகிரி குறைவான தண்ணீரை மெல்ல விடுகிறேன். பெரும்பாலும் ஓரிரு நாளில் கண்ணாடியில் கடுகு கடுகாக முட்டைகள் ஒட்டியிருக்கும்.